அரங்கம், உடை, ஒளி: மூன்றையும் சேர்த்துப் படிக்கத் தொடங்குவது எப்படி

மேடை வடிவமைப்பு படிக்க வருகிறவர்களில் பலர் முதல் வேலையாகப் படம் வரைய உட்கார்ந்துவிடுகிறார்கள். ஓர் அறை, அதில் ஒரு ஜன்னல், ஜன்னல் வழியே சாய்வாக விழும் வெயில். படம் நன்றாகவே வந்திருக்கும். ஆனால் அந்த ஜன்னலுக்கு வெளியே விளக்கு வைக்க இடம் இருக்கிறதா, அகலப் பாவாடை கட்டியவர் அந்தக் கதவில் நுழைய முடியுமா, பின்சுவரில் நடிகரின் நிழல் விழாமல் இருக்குமா என்று கேட்டால் படத்தில் பதில் இருக்காது. அரங்க அமைப்பு, உடை, ஒளி மூன்றையும் தனித்தனிப் பாடங்களாகப் படிக்கிறவர்களுக்கு இந்தக் கேள்விகள் கடைசி வாரத்தில்தான் எழும். அப்போது மரத்தை வெட்டியாகியிருக்கும், துணியைத் தைத்தாகியிருக்கும்.

மூன்றுக்கும் பொதுவான அளவுகோல் ஒன்றுதான்: மேடையில் நிற்கும் ஆள். உயரம் ஏறக்குறைய 1.7 மீட்டர், தரையிலிருந்து கண்மட்டம் 1.6 மீட்டர். கதவு, படி, விளக்கின் கோணம், பாவாடையின் விளிம்பு எல்லாவற்றையும் இந்த ஆளிலிருந்தே அளக்கப் பழகுங்கள்.

முதலில் பிரதி. முதல் வாசிப்பில் பேனாவைத் தொடாதீர்கள், பார்வையாளரைப் போலப் படியுங்கள். இரண்டாவது வாசிப்பில் ஒரு பெரிய தாளில் கட்டம் போடுங்கள்: காட்சி, இடம், நேரம், யார் எந்தப் பக்கமிருந்து வருகிறார், எதைத் தொடுகிறார், எதில் உட்காருகிறார், எந்த உடையில் இருக்கிறார், பிரதியே சொல்லும் வெளிச்சம் எது. “கதவைச் சாத்து” என்று ஒரு பாத்திரம் சொன்னால் அங்கே கதவு இருந்தாக வேண்டும். “இடப்பக்கம் ஒரு பழைய அலமாரி” என்று அடைப்புக்குறிக்குள் இருந்தால் அதை இயக்குநரோடு பேசி மாற்றலாம். வசனம் கேட்பது கட்டாயம், மேடைக்குறிப்பு கேட்பது பேச்சுவார்த்தைக்கு உட்பட்டது என்பது என் நிலைப்பாடு. மூன்றாவது வாசிப்பு, ஒருவர் வெளியேறி மறுபடி நுழைவதற்குள் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று குறித்துக்கொள்ள. அச்சில் ஒரு பக்க வசனம் ஏறக்குறைய ஒரு நிமிடம் என்று தோராயமாக வைத்துக்கொள்ளுங்கள். உடை மாற்றத்தைப் பற்றிப் பேசும்போது இந்தக் குறிப்பு பெரிதும் உதவும்.

அடுத்தது தரைப்படம். மேலிருந்து பார்த்தால் மேடை எப்படித் தெரியுமோ அப்படி, 1:25 அளவில். இந்த அளவில் தாளில் 4 செ.மீ. என்பது மேடையில் ஒரு மீட்டர். மேடையின் நடுக்கோட்டையும், முன்திரை விழும் இடத்தையொட்டிய குறுக்குக் கோட்டையும் முதலில் போடுங்கள். இனி எந்தப் பொருளின் இடத்தையும் இந்த இரண்டு கோடுகளிலிருந்து அளந்து சொல்லலாம். இடம், வலம் என்பவை பார்வையாளரை நோக்கி நிற்கும் நடிகருடையவை. இதைக் குழப்பிக்கொண்டால் கதவு எதிர்ப்பக்கத்தில் போய் நிற்கும்.

பிறகு முதல் வரிசையின் இரு ஓர இருக்கைகளிலிருந்து மேடைக்குள் கோடு இழுங்கள். அந்தக் கோடுகள் பக்கத்திரைகளைத் தாண்டி உள்ளே எதைத் தொடுகின்றனவோ, அது பார்வையாளருக்குத் தெரியும். அங்கே நிற்கும் உதவியாளரும் தெரிவார். அதேபோல் பக்கவாட்டு வெட்டுப்படம் ஒன்று வரைந்து, முதல் வரிசைக் கண்ணிலிருந்து மேல்நோக்கியும் கடைசி வரிசைக் கண்ணிலிருந்து கீழ்நோக்கியும் கோடு போடுங்கள். முதல் கோடு விளக்குகளை மறைக்கும் மேல்தொங்கல் எவ்வளவு இறங்க வேண்டும் என்று காட்டும். இரண்டாவது, மாடி இருக்கையில் இருப்பவருக்கு மேடையின் பின்பகுதி தெரியுமா என்று காட்டும். இதற்குப் பின்தான் வெள்ளை அட்டையில் மாதிரி. 6.8 செ.மீ. உயரத்தில் ஓர் அட்டை மனிதனை வெட்டி உள்ளே நிறுத்துங்கள். அவன் இல்லாத மாதிரி எப்போதும் உண்மையைவிடக் கம்பீரமாகத் தெரியும்.

கட்டுமானத்தில் சில பழக்கங்களைத் தொடக்கத்திலேயே பிடித்துக்கொள்ளலாம். பக்கச்சுவரில் வரும் கதவு மேடைக்கு வெளிப்புறமாகத் திறக்கட்டும், கீல் பின்மேடைப் பக்கத்து நிலையில் இருக்கட்டும். அப்போது உள்ளே வருகிறவர் கதவைச் சுற்றி வரத் தேவையில்லை, வந்த கணமே அவர் முகம் தெரியும். திறந்த கதவின் வழியே தெரியும் இடத்தை மறைக்க வெளியே இன்னொரு தட்டி (மரச்சட்டத்தில் துணி போர்த்திய மேடைச் சுவர்) வேண்டும். படிகளுக்கு ஒரு கணக்கு உண்டு: உயரத்தின் இரு மடங்கோடு மிதிபலகையின் ஆழத்தைக் கூட்டினால் 60 முதல் 63 செ.மீ. வரவேண்டும். 16 செ.மீ. உயரம், 30 செ.மீ. ஆழம் வசதியானது. எல்லாப் படிகளும் ஒரே உயரமாக இருப்பது மிக முக்கியம். ஒரு படி மட்டும் ஒரு சென்டிமீட்டர் கூடினாலும் கால் இடறும், ஏனென்றால் முதல் இரண்டு படிகளிலேயே கால் அந்த உயரத்தைப் பழகிவிடுகிறது. நீண்ட அங்கி அணிந்தவருக்கு இது இரட்டை ஆபத்து.

தட்டி செய்யக் கற்றுக்கொள்ள ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். 1.2 மீட்டர் அகலம், 2.4 மீட்டர் உயரத் தட்டிக்கு 64 மி.மீ. அகலமும் 19 மி.மீ. கனமும் உள்ள சட்டம் எடுத்தால், மேல் கீழ்ச் சட்டங்கள் முழு அகலமான 1200 மி.மீ. ஓடும். நெட்டுச் சட்டங்கள் அவற்றுக்கு இடையில் நிற்கும், ஆகவே நீளம் 2400-லிருந்து 128 போக 2272 மி.மீ. நடுவில் வரும் குறுக்குச் சட்டம் 1072 மி.மீ. நெட்டுச் சட்டத்தைத் தரைவரை இறக்கிவிடக் கூடாது. தட்டியைத் தரையில் இழுக்கும்போது அதன் நுனி சிம்பு சிம்பாகப் பிளந்துவிடும். அடியில் முழுநீளச் சட்டம் இருந்தால் வழுக்கிக்கொண்டு போகும். மூலைகளில் 25 செ.மீ. பக்கமுள்ள முக்கோண ப்ளைவுட், 6 மி.மீ. கனம். அதன் இழை, இணைப்புக் கோட்டைக் குறுக்கே கடக்க வேண்டும், அதாவது நெட்டுச் சட்டத்தின் திசையிலேயே ஓட வேண்டும். மாற்றி வைத்தால் இழையோடு பிளந்துவிடும். முக்கோணத்தை வெளி விளிம்பிலிருந்து 19 மி.மீ. உள்ளே தள்ளி வைத்தால்தான் இன்னொரு தட்டியை இதனோடு செங்குத்தாகச் சேர்க்கும்போது இடுக்கில்லாமல் உட்காரும். ஒட்டுமுன் இரண்டு மூலைவிட்டங்களையும் அளங்கள், இரண்டும் 268.3 செ.மீ. காட்ட வேண்டும். மூலைமட்டத்தை மட்டும் நம்பினால் சின்னச் சாய்வு தட்டுப்படாது. பல தட்டிகளை வரிசையாக நிறுத்தும்போதுதான் அது பெரிய இடுக்காகத் தெரியும்.

துணி போர்த்தும்போது சுருக்கம் தெரியாத அளவுக்கு இழுத்தால் போதும். அதன்மேல் நீர்த்த பசை பூசியதும் பருத்தித் துணி சுருங்கி விறைக்கும். முன்பே முறுக்கி இழுத்திருந்தால் சட்டம் உள்ளே வளைந்துவிடும். தீ எளிதில் பற்றாத மருந்தும் துணிக்கு அவசியம், சூடான விளக்குகள் மேலே தொங்குகின்றன என்பதை மறக்க வேண்டாம்.

தட்டி முடிந்ததும் அது எங்கே நிற்கும் என்பது ஒளியின் கேள்வி. நேர் முன்னால் மேலிருந்து 45 பாகைக் கோணத்தில் வரும் விளக்கு, 1.7 மீட்டர் ஆளின் நிழலைச் சரியாக 1.7 மீட்டர் பின்னால் தரையில் போடும். கோணம் 30 பாகைக்குத் தாழ்ந்தால் அதே நிழல் 2.9 மீட்டர் நீளும். ஆகவே பின்சுவருக்கும் நடிகர் நிற்கக்கூடிய கடைசி இடத்துக்கும் இடையே குறைந்தது இரண்டு மீட்டர் விடுங்கள். இல்லையென்றால் வானம் வரைந்த திரையில் தலை நிழல் ஊரும். அறைக்கு மேற்கூரை வைக்க ஆசைப்பட்டால் முன்னாலிருந்து வரும் விளக்கைத் தவிர மற்ற கோணங்களை இழக்கிறீர்கள் என்று அர்த்தம். அதை ஒளியமைப்பாளரோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள்.

ஒளியில் நாம் கையாளக்கூடியவை நான்குதான்: அளவு, நிறம், திசையும் பரவலும், அசைவு. இவற்றில் முதலில் படிக்க வேண்டியது திசை. இருட்டறையில் ஒருவரை உட்காரவைத்து ஒரே ஒரு விளக்கைக் கையில் பிடித்து அவரைச் சுற்றி நகருங்கள். நேர் முன்னால் வைத்தால் முகம் தட்டையாகும். 45 பாகை பக்கவாட்டில் மூக்கும் கன்னமும் எழும்பும். முழுப் பக்கவாட்டில் உடலின் விளிம்பு செதுக்கியதுபோல் நிற்கும், நடனத்துக்கு இதை அதிகம் பயன்படுத்துவதற்குக் காரணம் இதுவே. உச்சியிலிருந்து விழுந்தால் கண்குழிகள் கறுக்கும். பின்னாலிருந்து வந்தால் தோளிலும் தலையிலும் ஒளிக்கோடு விழுந்து, ஆள் பின்சுவரிலிருந்து பிரிந்து முன்னே வருவார். வரைந்த திரைகளே மேடை என்றிருந்த காலத்தில், ஒளிக்கும் நடிகரின் உடலுக்கும் பொருந்துவது கனபரிமாணமுள்ள மேடையே என்று வாதிட்டவர் சுவிட்சர்லாந்தின் அடால்ஃப் அப்பியா (1862–1928). இந்தப் பயிற்சியைச் செய்து பார்த்தால் அவர் எதைக் கண்டார் என்பது புரியும்.

மேடை முழுவதையும் ஒளியூட்ட, அதைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் இடமும் வலமும் 45 பாகை விலகி ஒரு விளக்கு, ஒன்றில் இளஞ்சூட்டு நிறம், மற்றதில் இளங்குளிர் நிறம் என்பது அமெரிக்காவின் ஸ்டான்லி மெக்கேண்ட்லெஸ் 1932-இல் வகுத்துத் தந்த முறை. இன்று பலரும் அதை அப்படியே பின்பற்றுவதில்லை, ஆனால் கணக்குப் போடப் பழக இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது. 9 மீட்டர் அகலம், 6 மீட்டர் ஆழ மேடையை 3 மீட்டர்ப் பகுதிகளாக்கினால் ஆறு பகுதிகள். முன்விளக்கு பன்னிரண்டு, பகுதிக்கு ஒன்றாகப் பின்விளக்கும் சேர்த்தால் அது ஆறு, மொத்தம் பதினெட்டு.

விளக்கு எங்கே தொங்க வேண்டும்? விளக்குகளை மாட்டும் கம்பி 6 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, முகம் 1.6-இல். வித்தியாசம் 4.4 மீட்டர். 45 பாகைச் சாய்வு வேண்டுமானால் தரைவாக்கிலும் 4.4 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். அது பக்கவாட்டிலும் 45 பாகை திரும்பியிருக்க வேண்டுமானால், நடிகரிலிருந்து முன்னால் 3.1 மீட்டர், பக்கத்தில் 3.1 மீட்டர். விளக்கிலிருந்து முகம் வரை சாய்வுத் தூரம் 6.2 மீட்டர். இனி விளக்கின் கதிர்க்கோணத்தைத் தேர்ந்தெடுக்கலாம். விளிம்பு கூராகத் தெரியும் வட்டம் தரும் ப்ரொஃபைல் விளக்குகளில் 19 பாகைக்குத் தூரத்தை 0.33-ஆலும், 26-க்கு 0.46-ஆலும், 36-க்கு 0.65-ஆலும் பெருக்கினால் வட்டத்தின் விட்டம் வரும். 6.2 மீட்டரில் 26 பாகை 2.9 மீட்டர் வட்டம் தரும், 3 மீட்டர்ப் பகுதிக்கு அது பற்றாது. 36 பாகை 4 மீட்டர் தரும், பக்கத்துப் பகுதியோடு ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கலக்கவும் மிச்சம் இருக்கும். தூரம் இரட்டித்தால் வெளிச்சம் நான்கில் ஒன்றாகக் குறையும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

விளிம்பு வெட்ட வேண்டிய இடத்தில், இலை நிழல் போன்ற உருவம் வேண்டிய இடத்தில் ப்ரொஃபைல். விளிம்பு தெரியாமல் கலக்க வேண்டிய இடத்தில் ஃப்ரெனல் விளக்கு. பலமான நிறக்கற்றைக்குப் பார் (PAR) விளக்கு. அதிகம் யோசிக்க வேண்டிய விஷயமில்லை, ஒவ்வொன்றையும் ஒரு முறை சுவரில் அடித்துப் பார்த்தால் போதும்.

குறிவைக்கும் வேலைதான் அதிகம் கெட்டுப்போகிறது. தொடக்கத்தில் பலரும் தரையில் தெரியும் வட்டத்தைப் பார்த்துக் குறிவைக்கிறார்கள். தரையில் வட்டம் பகுதியின் நடுவில் அழகாக உட்கார்ந்தால், வெளிச்சத்தின் மையம் நடிகரின் கால்களில் இருக்கிறது. முகத்தைத் தாக்கும் 45 பாகைக் கற்றை அவரைத் தாண்டி 1.6 மீட்டர் பின்னால்தான் தரையைத் தொடும். ஆகவே ஒருவர் பகுதியின் நடுவில் போய் நின்று விளக்கை நேராகப் பார்க்க வேண்டும் (ஒரு நொடிக்கு மேல் வேண்டாம், மங்கலாக வைத்துக்கொள்ளுங்கள்). கண் மிக அதிகமாகக் கூசும் நிலையில் “பூட்டு” என்று சொல்ல வேண்டும். அல்லது முதுகைக் காட்டி நின்று, தன் தலையின் நிழல் வட்டத்தின் நடுவில் விழுகிறதா என்று பார்க்கலாம். பிறகு அவர் கையை நீட்டிக்கொண்டு ஒரு பகுதியிலிருந்து அடுத்ததற்கு மெதுவாக நடக்கட்டும். நடுவில் முகம் மங்கினால் இரண்டு வட்டங்களும் போதுமான அளவு ஏறவில்லை. ஒவ்வொரு விளக்குக்கும் பாதுகாப்புச் சங்கிலி மாட்டியிருக்கிறதா என்று ஏணியில் இருக்கும்போதே கையால் தொட்டுப் பாருங்கள்.

மின்சாரக் கணக்கு எளிது, ஆனால் தவறினால் காட்சி நடுவில் இருட்டாகும். வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட். 230 வோல்ட்டில், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மரின் 10 ஆம்பியர் சேனல் 2300 வாட் தாங்கும்: 1000 வாட் விளக்கு இரண்டு, மூன்றாவது கிடையாது. எல்இடி விளக்குகளை டிம்மரில் மாட்டாதீர்கள், அவற்றுக்கு நிலையான மின்சாரம் வேண்டும், கட்டுப்பாடு டிஎம்எக்ஸ் (விளக்குகளுக்குக் கட்டளை அனுப்பும் முறை) கம்பியில் தனியாக வரும். ஒரு டிஎம்எக்ஸ் வரிசையில் 512 சேனல்கள், இங்கே சேனல் என்பது தனியே கட்டுப்படுத்தக்கூடிய ஓர் அளவு. எட்டு சேனல் விளக்குகள் என்றால் முகவரிகள் 1, 9, 17, 25 என்று போகும். இரண்டு விளக்குகளின் முகவரிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறினால் ஒன்றை நகர்த்தும்போது மற்றது நிறம் மாறும். கம்பியை ஒன்றிலிருந்து அடுத்ததற்கு வரிசையாக எடுத்துச் செல்லுங்கள், நடுவில் இரண்டாகப் பிரிக்கக் கூடாது. கடைசி விளக்கில் 120 ஓம் முடிப்பான் செருகுங்கள். காரணமே தெரியாமல் விளக்குகள் துடிப்பதற்கு பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றோ மட்டமான கம்பியோதான் காரணம்.

நிறத்துக்கு வந்தால் ஒளியும் துணியும் ஒரே பாடமாகிவிடுகின்றன. சிவப்புத் துணி சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்புவதால்தான் சிவப்பாகத் தெரிகிறது. பச்சை ஒளி மட்டும் விழுந்தால் திருப்பி அனுப்ப எதுவும் இல்லை, துணி கறுத்துவிடும். நீலச் சட்டை அடர்ந்த ஆம்பர் (செம்மஞ்சள்) ஒளியில் சாம்பல் நிறமாகும். டங்ஸ்டன் விளக்கை மங்கலாக்கும்போது அது தானாகவே செம்மஞ்சளை நோக்கிப் போவதால், முழு அளவில் குளிர்ச்சியாகத் தெரிந்த இளநீல ஜெல் (விளக்கின் முன் மாட்டும் நிறத்தாள்) 30 சதவீதத்தில் அழுக்கு வெள்ளையாகிவிடும். சிவப்பு, பச்சை, நீலம் மூன்று மட்டுமே உள்ள எல்இடியில் கலந்த வெள்ளை, முகத்தை உயிரற்றதாகக் காட்டும். இடைப்பட்ட நிறங்கள் அந்த ஒளியில் குறைவு. ஆம்பரோ தனி வெள்ளையோ சேர்ந்த விளக்குகளை முகத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். எந்தத் துணியையும் மொத்தமாக வாங்குமுன் 30 செ.மீ. துண்டு ஒன்று எடுத்து, தட்டியின் பெயிண்ட் மாதிரிக்குப் பக்கத்தில், ஒருவரின் கையின்மேல் போர்த்தி, நாடகத்தில் வரப்போகும் ஜெல்லின் கீழே பத்து மீட்டர் தள்ளி நின்று பாருங்கள். சின்னச் சின்னப் பூக்கள் அந்தத் தூரத்தில் கரைந்து ஒற்றை நிறமாகிவிடும். தூரத்திலிருந்து தெரிவது உடையின் வெளிவடிவமும் துணி விழும் விதமும்தான்.

உடைக்கு அளவெடுக்கும்போது மார்பு, இடுப்பு, இடை, தோள், கை நீளம், பின்கழுத்திலிருந்து இடைவரை, உள்கால் ஆகியவற்றோடு இன்னொன்றையும் சேருங்கள்: தோளிலிருந்து கால்களுக்கிடையே போய் மறுபடி தோள்வரை வரும் சுற்று. உடலோடு ஒட்டிய முழு உடைகள் குனியும்போது கிழிவது இந்த அளவு இல்லாததால். பக்கத் தையலிலும் முதுகு நடுத் தையலிலும் 2.5 முதல் 4 செ.மீ. துணியை உள்ளே விட்டுவையுங்கள், ஓரமடிப்பில் 7 செ.மீ. நடிகர் மாறலாம், உடை அடுத்த நாடகத்துக்கும் போகலாம். கையைத் தூக்கினால் சட்டை முழுவதும் மேலே ஏறுகிறதா? அக்குளில் 10 செ.மீ. வைர வடிவத் துண்டு ஒன்று வைத்துத் தையுங்கள். ஒத்திகைக்கே அதே நீளப் பாவாடை, அதே உயரக் குதிகால் செருப்பு கொடுத்துவிடுவது நல்லது. நடை, உட்காரும் விதம், படியேறும் வேகம் எல்லாமே அதைப் பொறுத்தவை.

சாயம் போடுமுன் துணி எது என்று தெரிய வேண்டும். ஒரு நூலை இடுக்கியில் பிடித்து, கீழே தண்ணீர்ப் பாத்திரம் வைத்துக் கொளுத்துங்கள். பருத்தி காகித வாசனையோடு மென்சாம்பலாகும். கம்பளியும் பட்டும் முடி கருகும் நாற்றத்தோடு பொடியும் கரியாகும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகும், சாதாரணச் சாயம் அதில் பிடிக்காது. பருத்தி உடையை பாலியெஸ்டர் நூலால் தைத்துவிட்டுச் சாயத்தில் முக்கினால் தையல் மட்டும் வெள்ளைக் கோடாக நிற்கும். பழசாக்க வேண்டிய உடையை முதலில் பலமுறை துவையுங்கள். பிறகு பைகளில் கல் போட்டு நனைத்துத் தொங்கவிட்டுக் காயவையுங்கள், பை தானே தொய்யும். முழங்கை, முழங்கால், கழுத்துப்பட்டை, பைவாய், கீழ்விளிம்பு, இந்த இடங்களில் மட்டும் உப்புத்தாள். உடல் எங்கே தேய்க்குமோ அங்கே தேய்ந்தால்தான் நம்பும்படி இருக்கும், ஒரே சீராகத் தேய்த்தால் கறை பட்டதுபோல்தான் தெரியும்.

வேக உடைமாற்றம் ஒரு தனிக் கலை. பிரதியில் குறித்த நேரம் நாற்பது நொடி என்றால் உதவிக்கு இருவர் வேண்டும், ஒருவர் மேலுடைக்கு, ஒருவர் காலுக்கு. அடுத்த சட்டையை உள்ளேயே போட்டுவர முடியுமா என்று முதலில் பாருங்கள். முடியாதென்றால் முன்பக்கம் பிரஸ் பட்டன் வைத்து, சாதாரணப் பட்டன்களை மேலே அலங்காரமாகத் தைத்துவிடுங்கள். வெல்க்ரோ விரைவுதான், ஆனால் பிரிக்கும் சத்தம் அமைதியான காட்சியில் கடைசி வரிசைவரை கேட்கும். செருப்பு நாடாவுக்குப் பதில் எலாஸ்டிக். மேடையோரத்தில் ஒரு நாற்காலி, தரையில் விரிப்பு, தாழ்வாக ஒரு நீல விளக்கு. உடைகள் போடும் வரிசையிலேயே விரிந்திருக்கட்டும், ஜிப்கள் எல்லாம் திறந்து, முதலில் போடுவது மேலே. பழைய உடையின் பையிலிருக்கும் கடிதம் புதிய உடைக்கும் வேண்டுமென்றால், இரண்டாவது கடிதம் ஒன்றைச் செய்து முன்கூட்டியே அதில் வைத்துவிடுங்கள். முதலில் முழு வெளிச்சத்தில் நிதானமாக, பிறகு வேகமாக, பிறகு இருட்டில் என்று பழக வேண்டும்.

ஒளி மாறும் ஒவ்வொரு தருணத்துக்கும் எழுதும் ஒளிக்குறிப்புகளுக்கு 10, 20, 30 என்று எண் கொடுங்கள், இடையில் புதிது சேர்க்க இடம் இருக்கும். எந்தச் சொல்லில் தொடங்கி எத்தனை நொடியில் முடிகிறது என்பதே குறிப்பின் உயிர். பார்வையாளர் உணராமல் அந்தி சாய வேண்டுமென்றால் மூன்று முதல் ஐந்து நிமிடம் கொடுங்கள். முழு இருட்டு வரும் காட்சிகளில் படி விளிம்பிலும் மேடை முனையிலும் ஒளிரும் டேப் ஒட்டாமல் ஒத்திகையே தொடங்க வேண்டாம்.

கடைசியாக, எல்லா உடைகளையும் உண்மையான மேடையில் உண்மையான ஒளியின் கீழ் வரிசையாக நடக்கவிட்டுப் பாருங்கள். ஒவ்வொருவரும் உட்காரட்டும், கையைத் தூக்கட்டும், படி ஏறி இறங்கட்டும், கதவில் நுழையட்டும். அனேகமாக ஒரு வெள்ளைச் சட்டை மற்ற எல்லாவற்றையும் மீறிப் பளிச்சிடும், பார்வையாளரின் கண் முகத்தை விட்டு அங்கேயே போகும். அப்போது மலிவான திருத்தத்திலிருந்து தொடங்குங்கள். முதலில் அந்தப் பகுதி விளக்கை 10 சதவீதம் இறக்கிப் பாருங்கள். போதாதென்றால் ஷட்டரால் (ப்ரொஃபைல் விளக்கின் ஒளியை வெட்டும் தகடு) மார்புக்குக் கீழே வெட்ட முடியுமா என்று பாருங்கள். அதுவும் சரிவராவிட்டால் ஜெல்லை மாற்றுங்கள். எதுவும் உதவவில்லை என்றால்தான் சட்டையை இளஞ்சாம்பல் சாயத்தில் ஒரு முக்கு முக்கி எடுக்க வேண்டும், மேடையில் அது அப்போதும் வெள்ளையாகவே தெரியும். தட்டியின் பெயிண்டைத் தொடுவது இவை எல்லாவற்றுக்கும் பிறகுதான்.